சென்னை - மதுரை விமானத்துல 75 நிமிஷம்... அப்போ குச்சனூருக்கு ஏன் ஆறரை மணி நேரம்?

'குச்சனூருக்குப் பக்கத்து ஏர்போர்ட் எது?' என்று கூகுளில் தட்டினால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும்: மதுரை. அடுத்து 'சென்னை டு மதுரை ஃப்ளைட் டைம்' என்று கேட்டால் ஒரு மணி நேரம் 15 நிமிஷம் என்று வரும். ஆக, காலை 9 மணிக்கு சென்னையில் விமானம் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கலாம் என்று மனசு ஒரு கணக்குப் போடும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சென்னைக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போனவர்களுக்கு இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்று நன்றாகவே தெரியும். சனிப்பெயர்ச்சிக்கும் ஆடிச் சனிக்கிழமைக்கும் முதல்முறையாக சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்புகிறவர்களுக்குத்தான் தெரியாது.

தூரம், நேரம் என்று நாம் சொல்லும் எண்கள் உண்மையில் எதை அளக்கின்றன? டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைக்கும்போது இந்த எண்கள் நம் பாக்கெட்டை எப்படித் தொடுகின்றன? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

காகம் பறக்கும் தூரம்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே இவ்வளவு கி.மீ. என்று இணையதளங்கள் சொல்வது சாலைத் தூரம் இல்லை. உலக உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்த நூலின் நீளம் என்னவோ, அதுதான். ஆங்கிலத்தில் இதைக் காகம் பறக்கும் தூரம் என்பார்கள். சனீஸ்வரரின் வாகனமே காகம் என்பதால் குச்சனூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இந்தக் கணக்கில் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 418 கி.மீ. சாலையில் வந்தால் 460 கி.மீ.யை ஒட்டி வரும். எழும்பூரிலிருந்து ரயிலில் வந்தால் 490-ஐத் தாண்டும். மூன்றும் சரியான எண்கள்தான், அளக்கிற வழிதான் வேறு.

இதே அளவுகோலில் மதுரையிலிருந்து கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 355 கி.மீ. அதாவது மதுரை விமானத்துக்குத் தலைநகர் சென்னையைவிட கொழும்புதான் பக்கம். 2012 செப்டம்பரில் மதுரையிலிருந்து முதல் சர்வதேச விமானம் கிளம்பியதும் கொழும்புக்குத்தான். துபாய் சுமார் 2,950 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,015 கி.மீ. கிழக்கேயும் மேற்கேயும் ஏறக்குறைய ஒரே தூரம். தென் மாவட்டங்களிலிருந்து இந்த இரண்டு திசைக்கும்தான் ஆட்கள் அதிகம் போகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், மதுரை நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

அரை மணி நேரத் தூரத்துக்கு ஏன் 75 நிமிஷம்?

ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானம் உயரத்தில் பறக்கும்போது மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் போகும். 418 கி.மீ.யை அந்த வேகத்தில் வகுத்தால் 31 நிமிஷம்தான். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் 10 நிமிஷம், 15 நிமிஷம், சிலவற்றில் அதற்கு மேலும் போட்டிருக்கும். மீதி நேரம் எங்கே போச்சு?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்தப்படும்வரை உள்ள மொத்த நேரம் அது. இதைத் துறைக்குள் 'பிளாக் டைம்' என்பார்கள். பின்னால் தள்ளப்பட்டு, ஓடுபாதைவரை ஊர்ந்து, வரிசையில் காத்திருந்து, ஏறி, பறந்து, இறங்கி, மறுபடி ஊர்ந்து நிற்பது வரை எல்லாம் இதில் அடக்கம். சென்னையில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் இந்தத் தரைவேலைக்கே கணிசமான நேரம் போய்விடும்.

அது போக, இவ்வளவு குறுகிய தூரத்தில் விமானம் தன் முழு வேகத்தில் போவதே கொஞ்ச நேரம்தான். ஏறி முடிக்கும்போதே இறங்க ஆரம்பித்துவிடும். காபி கொடுத்த கையோடு கப்பைத் திரும்ப வாங்க வருவது அதனால்தான்.

இன்னொரு விஷயம், எந்த விமானம் என்பது. சென்னை - மதுரை தடத்தில் புரொப்பல்லர் வைத்த ஏடிஆர் விமானங்களும் ஓடுகின்றன. அதன் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. ஜெட்டைவிட ரொம்பவே மெதுவு. ஆனாலும் அட்டவணையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. காரணம், குறுகிய தடத்தில் வேகத்தைவிட தரையில் கழிகிற நேரமும் ஏறி இறங்குகிற நேரமும்தான் கணக்கைத் தீர்மானிக்கின்றன.

கூடவே விமான நிறுவனங்கள் கொஞ்சம் 'சேஃப்டி'யாகவும் நேரத்தைக் கூட்டிப் போடுவது உண்டு. இந்தியாவில், குறித்த நேரத்திலிருந்து 15 நிமிஷத்துக்குள் வந்துவிட்டால் அது 'ஆன் டைம்'. அட்டவணையில் 10 நிமிஷம் சேர்த்துப் போட்டால் தாமதமாகக் கிளம்பிய விமானம்கூட நேரத்துக்கு வந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். 'பத்து நிமிடம் முன்னதாகவே தரையிறங்கிவிட்டோம்' என்று அறிவிப்பு வரும்போது கைதட்டுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

துபாய்க்குப் போக 2.40, வர 5.20?

வளைகுடா டிக்கெட்டை முதல்முறை பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். மதுரையில் மதியம் 12 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால் துபாய்க் கடிகாரத்தில் 2.45 ஆகியிருக்கும். அதே விமானம் துபாயில் மாலை 4 மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரத்துக்குள் வந்தாலும் மதுரைக் கடிகாரம் இரவு 9.20, 9.30 என்று காட்டும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் அங்கே கதை தலைகீழ்.

கடிகார வித்தியாசம் போக, உண்மையிலேயே ஒரு திசையில் கொஞ்சம் நேரம் கூடும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மேல் வானத்தில் பலமான காற்று வீசும். துபாயிலிருந்து வரும்போது அது பின்னால் தள்ளும், போகும்போது எதிர்க்கும். அதனால் போக எடுக்கும் நேரம் வர எடுக்கும் நேரத்தைவிட 15, 20 நிமிஷம் கூடுதலாக இருப்பது சகஜம்.

கொச்சியா, மதுரையா?

குச்சனூரிலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 80 கி.மீ., கொச்சி நெடும்பாசேரி சுமார் 110 கி.மீ. வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் கொச்சிப் பக்கம் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி ஏறிப் போனாலும் சரி, போடிமெட்டு ஏறி மூணாறு வழியாகப் போனாலும் சரி, சாலைத் தூரம் 170 கி.மீ.க்கு மேல் போய்விடும். கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து மணி நேரமாவது ஆகும். மதுரைக்கு உசிலம்பட்டி வழியாக சுமார் 110 கி.மீ., இரண்டரை மணி நேரம்.

துபாயிலிருந்து கொச்சி சுமார் 2,780 கி.மீ. மதுரையைவிட 170 கி.மீ. குறைவு. வானத்தில் இந்த 170 கி.மீ. வெறும் 12, 13 நிமிஷம். அதே 170 கி.மீ. இடுக்கி மலையில் அரை நாள்!

அப்படியும் பள்ளத்தாக்கு மக்கள் கொச்சி, திருவனந்தபுரம், திருச்சி என்று போய் வருவது ஏன்? விமானங்களின் எண்ணிக்கை. மதுரையில் சர்வதேச விமானங்கள் குறைவு. வெளிநாட்டு விமான நிறுவனம் ஓர் இந்திய ஊருக்குப் பறக்க வேண்டும் என்றால், இரு நாடுகளுக்கும் இடையிலான விமான சேவை ஒப்பந்தத்தில் அந்த ஊர் பெயர் இருக்க வேண்டும். அமீரகம் போன்ற நாடுகளுடனான ஒப்பந்தங்களில் மதுரையைச் சேர்க்கச் சொல்லி தென் மாவட்ட வர்த்தக அமைப்புகளும் எம்.பி.க்களும் கேட்டு வருவது பழைய கதை. அது இல்லாததால் இந்திய நிறுவனங்கள் மனசு வைத்தால்தான் உண்டு. 2024 அக்டோபரில்தான் மதுரை 24 மணி நேர விமான நிலையம் ஆனது. 2025 ஜூனில் இண்டிகோ அபுதாபி சேவையைத் தொடங்கியது. ஓடுபாதையை 7,500 அடியிலிருந்து 12,500 அடியாக நீட்டும் திட்டம் நிலம் கையகப்படுத்தல், ரிங் ரோட்டுக்குச் சுரங்கப்பாதை என்று ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு வருகிறது.

கூகுள் சொல்லும் 'அருகிலுள்ள விமான நிலையம்' வேறு, உங்களுக்கு உண்மையில் பயன்படுகிற விமான நிலையம் வேறு என்பது இதனால்தான்.

'எப்போ எடுக்குறாங்க?'

இந்த நேரக் கணக்கு சுற்றுலா போகிறவருக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். ஊரில் ஒரு சாவு என்று போன் வந்தவருக்கு அப்படி இல்லை. கிராமத்தில் முதல் கேள்வியே 'எப்போ எடுக்குறாங்க?' என்பதுதான். சென்னையில் இருக்கும் மகனோ மகளோ வந்து சேரும்வரை வைத்திருப்பார்களா, முகத்தைப் பார்க்க முடியுமா என்பது சில மணி நேரத்தில் முடிவாகிற விஷயம். அந்த நேரத்தில் பலரும் 'காசு போனா போகுது' என்று விமானத்தைத்தான் தேடுகிறார்கள். அது உண்மையில் எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது?

கணக்குப் போடுவோம். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் ஒரு மணி நேரம். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால், குறைந்தது ஒன்றேகால் மணி நேரம் முன்னாடி போக வேண்டும். டிக்கெட்டில் உள்ள நேரம் ஒரு மணி 20 நிமிஷம் என்று வைப்போம். மதுரையில் இறங்கி, பெட்டி எடுத்து, கார் பிடிக்க 25 நிமிஷம். அங்கிருந்து குச்சனூர் இரண்டரை மணி நேரம். கூட்டினால் ஆறரை மணி நேரம். இதில் விமானம் உண்மையில் காற்றில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

அதுவும் கிளம்ப நினைத்த நேரத்துக்கு விமானம் இருந்தால்தான் இந்தக் கணக்கு. அடுத்த விமானம் நான்கு மணி நேரம் கழித்து என்றால் அதையும் சேர்க்க வேண்டும்.

காரில் வந்தால்? திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி வழியாக சுமார் 520 கி.மீ. நிறுத்தி நிதானமாக வந்தால் ஒன்பதரை, பத்து மணி நேரம். போன் வந்த நிமிஷமே கிளம்பலாம். மதுரைக்குள்ளேயே நுழைய வேண்டியதில்லை. ஆக, எல்லாம் கூடி வந்தால் விமானம் மூன்று மணி நேரம் மிச்சம் பிடிக்கும். கூடி வராவிட்டால் ஒன்றுமே மிச்சமில்லை.

பலரும் யோசிக்காத மூன்றாவது வழி ரயில். 2023-ல் வந்த சென்னை - திருநெல்வேலி, 2024 ஆகஸ்டில் வந்த சென்னை - நாகர்கோவில் வந்தே பாரத் ரயில்கள் மதுரைக்கு ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடுகின்றன. ஒன்று அதிகாலையில், இன்னொன்று பிற்பகலில். மதுரை ஜங்ஷனிலிருந்து குச்சனூர் 100 கி.மீ. மொத்தம் எட்டரை, ஒன்பது மணி நேரம். விமானத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டு மணி நேரம் சொச்சம், கட்டணத்திலோ பல மடங்கு.

தேனி மாவட்டத்துக்கே நேராக வரும் ரயில் என்று பார்த்தால், 2010 டிசம்பர் 31-ம் தேதியோடு மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை மூடப்பட்டது. அகலப்பாதை ஆக்கி தேனிக்கு ரயில் திரும்பி வர 2022 மே 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. பதினொரு வருஷத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் ஒரு ரயில்கூட இல்லை. போடி வரை நீட்டித்த அன்றே சென்னை சென்ட்ரல் - போடி எக்ஸ்பிரஸும் வந்தது, வாரத்தில் மூன்று நாள் சேவையாக. இரவு ஏறினால் மறுநாள் காலையில் ஊர். திட்டமிட்டு வருகிறவர்களுக்கு நல்ல ரயில்தான். ஆனால் சாவு நாள் பார்த்தா வருகிறது?

தூரத்துக்கு விலையா, நேரத்துக்கு விலையா?

2025 டிசம்பர் முதல் வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விமானிகளின் பணி நேரம், ஓய்வு பற்றிய புதிய விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்த பின் இண்டிகோ விமானங்கள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் ரத்தாயின. மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை எங்கேயோ போனது. டிசம்பர் 6 அன்று மத்திய அரசு தலையிட்டு உச்சவரம்பு அறிவித்தது. 500 கி.மீ. வரை 7,500 ரூபாய், 500 முதல் 1,000 கி.மீ. வரை 12,000, 1,000 முதல் 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் தனி. பிசினஸ் கிளாஸுக்கும் உடான் திட்ட விமானங்களுக்கும் இது பொருந்தவில்லை.

அதாவது, அளவுகோல் தூரம். மதுரையிலிருந்து சென்னை 418, பெங்களூரு சுமார் 377. இரண்டும் 7,500 ரூபாய்க்குள். ஹைதராபாத் சுமார் 825, 12,000. மும்பை சுமார் 1,170, 15,000. டெல்லி சுமார் 2,085, 18,000.

இப்போது தூத்துக்குடியைப் பாருங்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 529 கி.மீ. மதுரையைவிட 111 கி.மீ. கூடுதல். விமானத்துக்கு இது பத்து, பன்னிரண்டு நிமிஷ வேலை. ஆனால் 500 என்ற கோட்டைத் தாண்டிவிட்டதால், நேர்கோட்டுக் கணக்கில் உச்சவரம்பு 7,500-லிருந்து ஒரேயடியாக 12,000-க்குத் தாவியது. 29 கி.மீ.க்கு 4,500 ரூபாய்! பட்டியலில் எங்கே கோடு கிழித்தாலும் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இடிக்கும்தான். என்றாலும் கி.மீ.க்கு இவ்வளவு என்று சீராக ஏறும் ஒரு வாய்ப்பாடு போடுவது ஒன்றும் கஷ்டமில்லை.

இதற்கு முன் 2020 மே மாதம், ஊரடங்குக்குப் பிறகு உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோதும் அரசு கட்டண வரம்பு வைத்தது. அப்போது அளவுகோல் தூரம் இல்லை, பயண நேரம். 40 நிமிஷத்துக்குள், 40 முதல் 60, 60 முதல் 90 என்று 210 நிமிஷம் வரை ஏழு பிரிவுகள். முதல் பிரிவுக்குக் குறைந்தபட்சம் 2,000, அதிகபட்சம் 6,000 ரூபாய். 2022 ஆகஸ்ட் 31 வரை அந்த முறை இருந்தது.

இரண்டில் எது மேல்? என் பார்வையில் தூரம்தான். நேரம் என்பது விமானத்தின் வகை, நெரிசல், நிறுவனம் கூட்டிப் போடும் நிமிஷங்கள் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஏடிஆருக்கு ஒன்று, ஜெட்டுக்கு ஒன்று என்றாகும். அதனால்தான் 2020-ல் எந்தத் தடம் எந்தப் பிரிவு என்று அரசே பட்டியல் போட வேண்டியிருந்தது. தூரத்தை யாராலும் இழுத்து நீட்ட முடியாது. ஆனால் எந்த முறையிலும் விமான நிலையத்துக்கு வெளியே உள்ள 110 கி.மீ. கணக்கில் வராது. அவசரத்துக்குக் கார் பிடித்து மதுரையிலிருந்து வருகிற குச்சனூர்க்காரருக்கு டிக்கெட் செலவு பாதிதான், மீதி ரோட்டில்.

மலைக்கு அந்தப் பக்கம்

பள்ளத்தாக்குக்கு இன்னும் பக்கத்தில் விமானம் வருமா? இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் என்.சி.சி.க்காக ஒரு சின்ன ஓடுதளம் இருக்கிறது. நீளம் 650 மீட்டர். 2022 ஜூலை மழையில் அதன் ஒரு பக்கம் சரிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி முதல் சிறுவிமானம் அங்கே இறங்கியது. அது மாணவர் பயிற்சிக்கானது, பயணிகளுக்கானது இல்லை. மதுரை ஓடுபாதை கிட்டத்தட்ட 2,300 மீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

எருமேலி அருகே செறுவள்ளி எஸ்டேட்டில் சபரிமலைக்காக ஒரு விமான நிலையம் கட்டுவது கேரள அரசின் திட்டம். 2023-ல் மத்திய அரசு இடத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நிலம் தொடர்பான வழக்குகள் வேறு. அது எப்போது வந்தாலும், நேர்கோட்டில் குச்சனூரிலிருந்து 75 கி.மீ.க்குள்தான் இருக்கும். மதுரையைவிடக் கொஞ்சம் பக்கம்! அன்றைக்கு கூகுள் 'அருகிலுள்ள விமான நிலையம்' என்று எருமேலியைக் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். கார் எடுப்பதற்கு முன் மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சீசன் நெரிசலுக்காக, போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்பி வருகிறவற்றை மட்டும் குமுளி வழியாக இறக்குவது போலீஸின் வழக்கம்.